ஆடி முடித்த கேமை மறுபடியும் எடுக்க வைப்பது எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, தீபாவளி ஆஃபரில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போட்டு ஒரு பெரிய கேம் வாங்கினேன். கிராபிக்ஸ் பிரமாதம். அறுபது மணி நேரம் ஆடி முடித்தேன், அதோடு சரி, திறக்கவே தோன்றவில்லை. ஆனால் சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்த பழைய டிவி கேமை மாட்டியதிலிருந்து அதில் இருக்கிற டாங்க் கேமை விடவே முடியவில்லை. ஒரு கேமைத் திரும்ப ஆடுவோமா என்று வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா?
– பாலக்கோட்டிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர்

பதில்: தம்பி, நீங்கள் சொல்கிற டாங்க் கேம் பேட்டில் சிட்டியாகத்தான் இருக்கும். நாம்கோ 1985-ல் கொண்டுவந்தது, மொத்தம் 35 லெவல். நான் சின்னப் பையனாக இருந்தபோது தருமபுரியில் மணிக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு டிவி கேம் ஆடவிடும் கடை ஒன்று இருந்தது, நானும் என் அண்ணனும் கேசட்டை ஊதி ஊதிப் போட்டு அதைத்தான் ஆடுவோம். மேலே மூன்று இடங்களிலிருந்து எதிரி டாங்குகள் வரும், லெவலுக்கு 20. கீழே நடுவில் நாம் காக்க வேண்டிய கழுகு, அதைச் சுற்றி ஒரே ஒரு வரிசை செங்கல், அவ்வளவுதான் பாதுகாப்பு. மின்னிக்கொண்டு வருகிற டாங்கைச் சுட்டால் எங்காவது ஒரு பொருள் வந்து நிற்கும். மண்வெட்டி வந்தால் கழுகைச் சுற்றியுள்ள செங்கல் கொஞ்ச நேரத்துக்கு இரும்பாகிவிடும். அதை எடுக்கப் போனால் கழுகுக்குக் காவல் இல்லை, போகாவிட்டால் மண்வெட்டி மறைந்துவிடும். 4-வது, 11-வது, 18-வதாக வருகிற டாங்குகள்தான் மின்னும் என்பதை நாங்கள் எங்கேயும் படிக்கவில்லை, ஆடி ஆடி எண்ணித்தான் கண்டுபிடித்தோம். அண்ணன் குண்டு என்மேல் பட்டால் நான் நகர முடியாமல் நின்றுவிடுவேன், அதற்காக எத்தனை சண்டை! அப்புறம் இடது பக்கம் அவனுக்கு, வலது பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் பத்தாவது லெவலைத் தாண்டினோம்.

இதில் கேம் கொஞ்சமும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். நேற்று தோற்றபோது கற்றுக்கொண்டது இன்றைக்கு உடனே உதவியது, அதுதான் எங்களை மறுநாளும் அந்தக் கடைக்கு இழுத்தது. நீங்கள் வாங்கிய பெரிய கேமில் பெரும்பாலும் என்ன செய்திருப்பீர்கள்? அம்புக்குறி காட்டும் இடத்துக்குப் போய், அங்கே இருப்பவனை அடித்து, காட்சியைப் பார்த்துவிட்டு அடுத்த அம்புக்குறிக்குப் போயிருப்பீர்கள். கதை தெரிந்துவிட்ட பிறகு கைக்கும் மூளைக்கும் அதில் என்ன வேலை மிச்சம்? அதற்காகக் கதை உள்ள கேம் எல்லாம் ஒரு தடவைக்குத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். 2015-ல் வந்த அண்டர்டேலில் ஒருவரைக்கூடக் கொல்லாமலும் முடிக்கலாம், எல்லாரையும் கொன்றும் முடிக்கலாம். எல்லாரையும் கொன்று முடித்துவிட்டு, அடுத்த தடவை நல்லவனாக ஆடினால்கூட முன்பு செய்ததை அந்தக் கேம் மறப்பதில்லை. அங்கே கதையே உங்கள் கையில் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் நான் செய்வது இதுதான். யூடியூபில் அந்தக் கேமின் ஒரே கட்டத்தை இரண்டு வேறு ஆட்கள் ஆடுவதைப் பார்ப்பேன். இருவரும் அதே வழியில் போய் அதே மாதிரி அடித்தால் நண்பனிடம் வாங்கி ஒரு தடவை ஆடினால் போதும். ஒருவன் ஒளிந்து போக, இன்னொருவன் பாலத்தை உடைத்து வேலையை முடித்தால் அதற்குக் காசு போடலாம். காட்சிகளைத் தாண்டிவிட முடிகிறதா என்பதையும் பாருங்கள். ஏற்கெனவே பார்த்த இருபது நிமிடக் காட்சியைக் கட்டாயமாகக் காட்டுகிற கேமை இரண்டாம் தடவை தொடக்கூடப் பொறுமை இருக்காது.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் மேப் மாறுகிற கேம்தான் திரும்ப ஆட ஏற்றது என்கிறார் உடன் வேலை செய்பவர். உண்மையா? ஷிஃப்ட் முடிந்து வந்தால் எனக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும், அதற்கு ஏற்ற மாதிரி சொல்லுங்கள்.
– ஓசூர் வாசகர்

பதில்: பாதி உண்மை. 1980-ல் வந்த ரோக் என்ற கேம்தான் ஆடும்போதெல்லாம் நிலவறையைப் புதிதாக அமைத்து இந்த வழியைப் பிரபலமாக்கியது. ஆனால் 1989-ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் 12 லெவலும் எப்போதும் அதே 12 லெவல்தான், 60 நிமிடத்துக்குள் இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். கால் வைத்தால் விழுகிற கல் எது, தரையிலிருந்து முள் கிளம்புகிற இடம் எது என்பதெல்லாம் தெரியத் தெரிய நிமிடங்கள் மிச்சமாகும். மேப் மாறாமலே எத்தனை பேர் அதை வருடக்கணக்கில் ஆடினார்கள்!

மேப் மாறுவது மட்டும் போதாது, மாறியதற்கு ஏற்ப நாம் ஏதாவது செய்ய முடிய வேண்டும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரைப் பாருங்கள். கர்நாடகத்தில் மழை பெய்து தண்ணீர் ஏறினால் நேற்றுத் தெரிந்த பாறை இன்றைக்குத் தெரியாது, ஐந்தருவியே மூழ்கிப்போகும். ஆனால் சுழல் எங்கே இழுக்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால் ஆறு புதிதாக இருந்தாலும் துடுப்பு எந்தப் பக்கம் என்று அவர் கை முடிவு செய்கிறது. அப்படி அமைந்த கேம்கள் உங்களுக்குப் பொருந்தும். சீட்டுகளை வைத்தே சண்டை போடுகிற ஸ்லே தி ஸ்பையரில் ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மூன்று சீட்டு காட்டும், ஒன்றை எடுக்கலாம், வேண்டாம் என்றும் விடலாம், அதிலேயே ஆட்டம் திசை மாறிவிடும். 2020-ல் வந்த ஹேடஸில் பாதாள உலகத்திலிருந்து தப்பிக்க வேண்டும், ஒரு முயற்சிக்கு அரை மணி நேரம் பக்கம் ஆகும். செத்து வீடு திரும்பும்போதெல்லாம் அங்கே இருப்பவர்கள் புதிதாக ஏதாவது பேசுவார்கள், கதையின் முடிவைப் பார்க்கவே பத்து தடவை தப்பித்தாக வேண்டும். தோற்ற நாளிலும் ஏதோ ஒன்று கிடைக்கும்.

கேள்வி: என் மகன் மூன்று வருடமாக மைன்கிராஃப்ட் ஒன்றையே ஆடுகிறான். வேறு ஏதாவது வாங்கித் தரட்டுமா?
– ஒரு அம்மா, காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாங்க அக்கா. அதில் புது உலகம் தொடங்கும்போதெல்லாம் மலையும் ஆறும் குகையும் புதிதாக அமையும். உங்கள் மகன் மூன்று வருடமாக ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டியதைக் காட்டச் சொல்லுங்கள். நேரக் கட்டுப்பாடு வையுங்கள், அது வேறு விஷயம்.

கேள்வி: ஒரு கேமில் எல்லாமே தெரிந்துவிட்டால் அலுத்துப்போகாதா?
– பர்கூர் கல்லூரி மாணவி

பதில்: எல்லாம் தெரிந்துவிட்டது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் உருவாக்கிய டெட்ரிஸில் இருப்பது ஏழே ஏழு வடிவங்கள். நிண்டெண்டோ 1989-ல் வெளியிட்ட டெட்ரிஸில் 29-வது லெவல்தான் கடைசி என்று ரொம்ப நாள் நம்பினார்கள், கட்டைகள் விழுகிற வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது. அப்புறம் சிலர் பட்டனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கண்ட்ரோலரின் முதுகில் மற்ற விரல்களை வரிசையாகத் தட்டுகிற முறையைக் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் 157-வது லெவலில் கேமே உறைந்து நிற்கும்வரை ஆடிவிட்டான். அந்தக் கேம் வந்து 34 வருடம் கழித்து! கேமில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

கேள்வி: திண்ணையில் கோடு கிழித்து நாங்கள் ஆடிய ஆடுபுலி ஆட்டத்துக்கும் நீங்கள் பேசுகிற கேம்களுக்கும் சம்பந்தம் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அரூர்

பதில்: நிறைய உண்டு ஐயா. 3 புலி, 15 ஆடு, ஒரே கட்டம். ஆனால் பக்கம் மாறி உட்கார்ந்தால் அது வேறு ஆட்டம். புலிக்குத் தாண்டி வெட்டுவதில் கவனம், ஆட்டுக்கு ஒட்டி நின்று வழியடைப்பதில் கவனம். 1998-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-ல் இதே சுவை இருக்கிறது. முதலில் ஒருவராக ஆடி முடித்துவிட்டு, அதே இரவை இன்னொருவராக ஆடலாம். முதல் ஆள் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்ட துப்பாக்கி இரண்டாவது ஆளுக்குக் கிடைக்காது, அதனால் விட்டுவைப்பதா வேண்டாமா என்று முதல் ஆட்டத்திலேயே யோசிக்க வேண்டும். பேரன் வந்தால் கட்டம் போடுங்கள். முதல் ஆட்டத்தில் புலியை அவனுக்குக் கொடுங்கள், இரண்டாவதில் ஆடுகளைக் கொடுத்துப் பாருங்கள்.