நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஒரு ட்ரிப் சுவிட்ச்

கேள்வி: பழைய கப்பல், ரயில், விமானம் மாதிரி அருங்காட்சியகங்களில் நீங்கள் கொஞ்சமும் எதிர்பாராமல் கண்ட பொருள் எது?

நான் கொழும்பில் வயரிங் வேலையும் மோட்டார் வைண்டிங்கும் செய்கிறவன். என் கண் எங்கே போனாலும் முதலில் வயரைத்தான் தேடும், அதனால் என் பதிலும் அப்படித்தான் இருக்கும்.

குடும்பத்தோடு இந்தியா போனபோது சென்னையிலிருந்து ரயிலேறி விசாகப்பட்டினத்துக்கும் போனோம். அங்கே கடற்கரையோரமாக ஐஎன்எஸ் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலைத் தரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சோவியத் காலத்தில் கட்டியது, 1969 டிசம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது, 2001இல் ஓய்வு, 2002இல் அருங்காட்சியகம். 91 மீட்டர் நீளம். பிள்ளைகள் டார்பிடோவையும் பெரிஸ்கோப்பையும் பார்க்க ஓடினார்கள். நான் நின்றது பின்பக்கத்தில், டீசல் அறையைத் தாண்டி வருகிற மோட்டார் அறையில்.

நீர்மூழ்கி என்றால் ஆயுதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் பாதிக் கப்பல் மின்சாரம். இந்த வகைக் கப்பலில் 448 பற்றறி செல்கள், 112 வீதம் நான்கு கூட்டம். ஒரு செல்லுக்கு 2 வோல்ட் என்று பிடித்தால் ஒரு கூட்டம் 224 வோல்ட், கிட்டத்தட்ட எங்கள் வீட்டு வோல்டேஜ், ஆனால் டிசி, ஒரே திசையில் ஓடுகிற கரண்ட். வேகம் வேண்டுமென்றால் கூட்டங்களைத் தொடராக இணைப்பார்கள், நிதானமாகப் போக சமாந்தரமாக. கப்பலைத் தள்ளும் விசிறிகளைச் சுழற்ற மூன்று தண்டு, மூன்று பெரிய மோட்டார், நடுவில் இருப்பது 2700 குதிரைவலு. தண்ணீருக்கு மேலே வந்து டீசல் ஓடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பற்றறியைச் சார்ஜ் பண்ணும்.

இவ்வளவு கரண்டையும் வெட்டி ஒட்டுகிற சுவிட்ச்கள் ஏன் அவ்வளவு பெரிதாக, தடித்த செம்போடு இருக்கின்றன என்று டிசியில் கை வைத்தவனுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வருகிற ஏசி திசை மாறி மாறி ஓடுவதால் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடும், அந்த இடத்தில் தீப்பொறி தானாக அணையும். டிசிக்கு அந்த இடைவெளியே கிடையாது. ஒருமுறை ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் பற்றறியின் பிளக்கை லோட் இருக்கும்போதே இழுத்துவிட்டேன். நீலமும் வெள்ளையுமாக ஒரு நெருப்பு நாக்கு பிளக்கோடு சேர்ந்து நீண்டு வந்தது, பித்தளை முனை மெழுகு மாதிரி உருகிப் போனது. அது சின்னப் பற்றறி. இங்கே ஒரு கூட்டத்திலேயே 112 செல், அதுவும் மூடிய இரும்புக் குழாய்க்குள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு கிளம்பும். அந்தச் சுவிட்ச் பலகைக்கு முன்னால் வேலை செய்த மனிதர்களை நினைத்து உண்மையாகவே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சரி, கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பழைய பலகைக்குப் பக்கத்தில், ஒரு குழாய்க்குப் பின்னால், உள்ளங்கை இரண்டு அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. குனிந்து பார்த்தேன். கரண்ட் அளவு மிஞ்சினால் தானாக விழுகிற நாலைந்து எம்சிபி, ஓரத்தில் கரண்ட் எங்காவது கசிந்தால் லைனை வெட்டுகிற ஒரு ட்ரிப் சுவிட்ச், அதன் மேல் அது வேலை செய்கிறதா என்று அமத்திப் பார்க்கிற டெஸ்ட் பட்டன். கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் நான் மாதத்துக்கு நாலு பூட்டுகிற அதே சாமான், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். ரஷ்ய எழுத்துப் பித்தளைத் தகடுகளுக்கு நடுவில் அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

கூட வந்தவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு அதைவிட்டு நகர முடியவில்லை. கப்பல் கடலில் இருந்த காலத்தில் அந்த டிசியின் இரண்டு முனையும் கப்பலின் இரும்பு உடலைத் தொடாமல் தனியாக இருக்கும், ஒரு முனை எங்காவது உரசினாலும் ஓட்டம் நிற்காது. இப்போது கரையிலிருந்து வருவது 230 வோல்ட் ஏசி. சுற்றிலும் வெறும் இரும்பு, நாள் முழுக்க ஜனங்கள் வியர்த்த கையால் எல்லாவற்றையும் பிடித்துப் பிடித்து நடக்கிறார்கள். எங்காவது ஒரு லைட் வயர் தோல் உரிந்து கப்பல் உடலைத் தொட்டால் என்ன ஆகும்? கப்பலுக்கு நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஒரு ட்ரிப் சுவிட்சும் இருந்தால்தான் என் பிள்ளைகளை நான் நிம்மதியாக உள்ளே விடுவேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அந்தப் பெட்டியைப் பூட்டினவர் பழைய பலகையில் ஒரு துளைகூடப் போடவில்லை. குழாயில் பட்டி கட்டி அதில் பெட்டியை நிறுத்தியிருந்தார், வயரைப் பழைய கேபிள் போன தடத்தோடேயே கிளிப் அடித்துக் கொண்டுபோயிருந்தார். நாளைக்கு எல்லாவற்றையும் கழற்றினாலும் கப்பல் பழையபடி இருக்கும். சுத்தமான வேலை. அவர் யாரென்று தெரிந்தால் கை கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

அங்கே நின்ற ஓய்வுபெற்ற கடற்படைக்காரரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்தப் பெட்டியைக் காட்டி, “வேலை நல்லாயிருக்கு” என்றேன். அவர் தலையாட்டிச் சிரித்துவிட்டு, பெரிய பலகைப் பக்கம் என் தோளைத் திருப்பி அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

திரும்பி வந்து கடையில் வேலை பழகுகிற தம்பிக்குப் போனில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அந்த டெஸ்ட் பட்டனை மாசம் ஒருக்கா அமத்திப் பாக்கிறாங்களா அண்ணா?” என்றான். அதைக் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த முறை போனால் முதலில் அதைத்தான் கேட்பேன்.