தண்டவாளத்தில் ஆணி உருளவில்லை என்ற கேள்விக்கு

அடியில் காந்தங்கள் வைத்த இரண்டு சிறு உலோகத் தண்டவாளங்களின் குறுக்கே ஆணியை வைத்து, 9 வோல்ட் பேட்டரியை இணைத்தும் அது உருளவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆணியை எடுத்துவிட்டு, அதே நீளத்துக்குத் தோல் உரித்த 1.5 சதுர மிமீ செம்புக் கம்பியை நேராக்கி வையுங்கள். மின்சாரம் பாய்ந்தாலும் பாயாவிட்டாலும், ஆணி இரும்பு என்பதால் அடியிலுள்ள காந்தம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பிடியோடு ஒப்பிட்டால் மின்னோட்டத்தின் தள்ளுவிசை ரொம்பச் சின்னது.

கணக்கு இதுதான்: விசை = காந்தப்புலம் × மின்னோட்டம் × நீளம். கறுப்பு ஃபெரைட் காந்தத்தின் புலம் சுமார் 0.1 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு), மின்னோட்டம் 3 ஆம்பியர், தண்டவாள இடைவெளி 4 செமீ என்றால் 0.012 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 1.2 கிராம் எடை. 5 செமீ செம்புக் கம்பியின் எடையே 0.7 கிராம்தான், உருண்டுவிடும்.

நீங்கள் போட்ட 9 வோல்ட் சதுர பேட்டரி இதற்கு ஆகாது. வோல்ட் இருந்தும் போதிய ஆம்பியர் வராது. இரண்டு ஆல்கலைன் பென்சில் செல்லைத் தொடராக இணையுங்கள்.

சரிபார்க்க, பேட்டரி முனைகளை மாற்றிக் கொடுங்கள். கம்பி எதிர்த்திசையில் ஓடினால் அது மின்னோட்டத்தின் வேலை. எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம் போனால், வெறும் இரும்பு ஈர்ப்பு அல்லது மேசைச் சரிவு.

அப்படியும் அசையாவிட்டால் தண்டவாளத்தையும் கம்பியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கடலூர் கடற்காற்றில் செம்பு சீக்கிரம் கறுத்துவிடும், தொடும் இடத்தில் மின்தடை ஏறும். காந்தங்கள் எல்லாம் ஒரே முனை மேலே பார்க்கிறதா என்றும் பாருங்கள்.

இது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். ஒரு தடவைக்கு 2, 3 விநாடிதான். இன்வெர்ட்டர் பேட்டரியோ லித்தியம் செல்லோ வேண்டவே வேண்டாம்.