ஹோவர் டாங்கி செய்வது எப்படி? கேள்வி பதில்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கு ஹோவர் டாங்கி, அதாவது அடியில் காற்றை ஊதி மிதந்து ஓடும் டாங்கியின் சின்ன பொம்மை (மினியேச்சர்) செய்து, அதற்கு விதியும் எழுதுகிறவர்களுக்காக.

கேள்வி: 50 டன் டாங்கி காற்றில் மிதக்குமா?

மிதக்கும். அமெரிக்கக் கடற்படையின் எல்கேக் (LCAC) என்ற காற்று மெத்தைப் படகு ஒரு ஏப்ரம்ஸ் டாங்கியையே சுமந்துகொண்டு கரையேறுகிறது. ஆனால் அந்தப் படகின் நீளம் 26 மீட்டர். உங்கள் வண்டி 10 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 1250 கிலோ பாரம். அந்த அழுத்தத்தில், காற்றை அடைத்து வைக்க வண்டியைச் சுற்றித் தொங்கும் ரப்பர் பாவாடைக்கு அடியில் காற்று நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் பீய்ச்சியடிக்கும். இடைவெளி வெறும் 2 சென்டிமீட்டர் என்றாலும் அந்தக் கசிவை ஈடுகட்டவே குறைந்தது 800 குதிரைத்திறன் வேண்டும். ஏப்ரம்ஸ் எஞ்சின் மொத்தமே 1500தான். அதனால் மினியேச்சரை ஒரு முழம் உயரத்தில் நிறுத்தாதீர்கள், பாவாடை தரையை உரசட்டும். போன மாதம் தெர்மாகோல் தட்டில் பழைய கம்ப்யூட்டர் ஃபேனைப் பொருத்திப் பார்த்தேன். டைல்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடியது; நாலு கூழாங்கல்லைப் போட்டதும் உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: மலை ஏறுமா?

10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்றாலே 5 டன் உந்துவிசை வேண்டும். பிடித்து ஏறச் சங்கிலிச் சக்கரம் இல்லையே.

கேள்வி: கண்ணிவெடி?

இங்கே இதற்கு லாபம். பாரம் பரவிவிடுவதால் தட்டு அளவு இடத்தில் 100 கிலோதான் விழும். பல டாங்கி எதிர்ப்புக் கண்ணிகளுக்கு அது போதாது. காந்த உணரி வைத்த கண்ணி விடாது.

கேள்வி: எதிர்ஈர்ப்பு விசை வைத்தால்?

மந்திரவாதியைக் கேளுங்கள்.

கேள்வி: பீரங்கி சுட்டால் பின்னால் பறந்துவிடாதா?

பறக்காது, வழுக்கும். 120 மி.மீ. பீரங்கியின் உதைப்பு இந்த வண்டிக்கு நொடிக்கு அரை மீட்டர் வேகம் தரும்.

கேள்வி: அரை மீட்டர்தானே, அதற்கு ஏன் இத்தனை பயம்?

சாதா டாங்கியில் அதைத் தரை வாங்கிக்கொள்ளும். இங்கே உராய்வே இல்லை. பக்கவாட்டில் சுட்டால் நீங்களாக நிறுத்தும்வரை வழுக்கிக்கொண்டே போகும்.

கேள்வி: விசிறியை அணைத்துத் தரையில் உட்கார்ந்து சுடலாமே? அப்படியென்றால் ஹோவர் எதற்கு?

நியாயமான அடி. ஒப்புக்கொள்கிறேன். சதுப்பிலும் ஆற்றிலும் ஓடத்தான் ஹோவர், சுட அல்ல. விதியில் இப்படிப் போடுங்கள்: உட்கார்ந்து சுட்டால் முழுத் துல்லியம், ஓடிக்கொண்டே பக்கவாட்டில் சுட்டால் ஒரு அங்குலம் நகர்த்து.

கேள்வி: எதிர்ஈர்ப்பு...

மேலே பாருங்கள் ஐயா.

கேள்வி: என்ன நிறம் பூசலாம்?

எதையும் பூசுங்கள், பாவாடைக்கு மேல் அரையடி புழுதி நிறம் அடியுங்கள். அவ்வளவு காற்றுக்குத் தூசி எழாமல் இருக்குமா?