பிளக்கைப் பிடுங்கினால் 2012-க்குப் போய்விடும் கம்ப்யூட்டர்

கேள்வி: மளிகைக் கடையில் பில் போட ஒரு பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். இரவில் கடை சாத்தும்போது சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுவேன். ஒரு மாதமாக, காலையில் போட்டால் 2012 ஜனவரி 1 என்று காட்டுகிறது. பில்லில் தேதி தப்பாக விழுகிறது, ஜிஎஸ்டி தளமும் திறக்க மாட்டேன் என்கிறது. சர்வீஸ்காரர் மதர்போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம், போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கும் பட்டன் செல்தான். அதன் மேலேயே சிஆர்2032 என்று எழுதியிருக்கும். கடையில் ஐம்பது ரூபாயை வைத்துக்கொண்டு கேளுங்கள், பெரும்பாலும் மீதி கிடைக்கும்.

கரண்ட் இல்லாதபோதும் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே குவார்ட்ஸ் படிகம்தான், நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பாதி பாதியாக 15 தடவை குறைத்தால் சரியாக ஒன்று வரும், அதுதான் ஒரு நொடி. இதற்கு வேண்டிய மின்சாரம் மிகமிகக் கொஞ்சம் என்பதால்தான் அந்த 3 வோல்ட் செல் வருடக்கணக்கில் தாங்குகிறது. செல் செத்துவிட்டால் கடிகாரம் நின்றுவிடும், அடுத்த தடவை போடும்போது போர்டு தயாரித்தவர்கள் தொடக்கமாக எழுதி வைத்த தேதிக்குப் போய்விடும். உங்கள் 2012 அப்படி வந்ததுதான்.

ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. பிளக் ஆனில் இருந்தால், கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டிருக்கும், கடிகாரம் அதில் ஓடும். நாம் இரவில் சுவர் சுவிட்சையே அணைப்பவர்கள், அதனால் முழு பாரமும் செல் மேல். சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம், விடாதீர்கள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு செல் போனால் போகட்டும்.

ஜிஎஸ்டி தளம் ஏன் திறக்கவில்லை? ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. 2012-இல் இருப்பதாக நினைக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். இதை ‘உங்கள் தேதியைப் பாருங்கள்’ என்று நேராகச் சொல்லித் தொலைத்தால் என்ன? சில பிரவுசர்கள் சொல்கின்றன, ஆனால் எத்தனையோ மென்பொருள்கள் ‘இணைப்பு தோல்வி’ என்று மட்டும் போட்டுவிட்டு நிற்கும், மனிதர்கள் நெட் கம்பெனிக்கு போன் போட்டு அரை நாளை வீணாக்குகிறார்கள். இணையத்திலிருந்து நேரம் தானாகத் திருந்தாதா என்றால், வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் வழக்கமான அமைப்பில் தானாகத் தொடாது.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு செல் வாங்குங்கள். தேதி சரியாக இருந்து, நேரம் மட்டும் துல்லியமாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தால் அது செல் இல்லை. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும், அதுபோன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டுவும் போட்டிருப்பவர்களுக்கு இது வரும்: உபுண்டு அந்தக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும், விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று நினைத்துப் படிக்கும். புதிதாக விண்டோஸ் போட்ட பிறகு பன்னிரண்டரை, பதின்மூன்றரை மணி நேரம் தள்ளி நின்றால், நேர மண்டலம் அமெரிக்காவின் மேற்குக் கரையிலேயே விடப்பட்டிருக்கிறது. இரண்டுமே செட்டிங்கில் திருத்துவது, பைசா செலவில்லை. இதற்கும் ‘பயாஸ் சிப் மாற்றினேன்’ என்று காசு வாங்கிய கடையை நானே பார்த்திருக்கிறேன் (பயாஸ் என்பது கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்). அதே கடை, மேஜை டிராயரில் கிடந்த பழைய செல்லைத் துடைத்துப் போட்டு அனுப்பியதும் உண்டு. ஆகவே அட்டையோடு வாங்கி உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள்: புது செல் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், 2.7-க்குக் கீழே போனதை மாற்றிவிட வேண்டியதுதான். சிஆர்2025 கொடுத்தால் வாங்காதீர்கள், அது மெலிசு, பிடிப்பில் ஆடும். எல்ஐஆர் என்று தொடங்குவது சார்ஜ் ஏற்றும் வகை, இதற்கு ஆகாது.

கழற்றும் முன் பயாஸ் திரைகளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் அமைப்பு மாறிவிட்டால் விண்டோஸ் ஏறாது, அப்போது படத்தைப் பார்த்துப் பழையபடி வைக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் உள்ள சின்னக் கொக்கியைத் தள்ளினால் செல் துள்ளி வெளியே வரும். புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி அழுத்துங்கள். பழைய செல்லை மட்டும் தயவுசெய்து மேஜையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். செல்லோ டேப் சுற்றி மின்குப்பை வாங்குபவரிடம் கொடுங்கள்.

அப்புறம் தேதியை பயாஸிலேயே வைத்துவிட்டு, ஒரு இரவு வழக்கம்போல சுவிட்சை அணைத்துப் பாருங்கள். காலையில் மறுபடியும் 2012 என்றால் செல்லைப் பிடிக்கும் கம்பி தளர்ந்திருக்கலாம், ஊக்கு முனையால் மெதுவாக நிமிர்த்திவிடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மட்டும் போர்டைப் பற்றிப் பேசலாம், அதுவும் வேறொரு சர்வீஸ்காரரிடம்.