எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு முன்னாடி இத்தனை டெஸ்ட் எதுக்கு டாக்டர்?

கேள்வி: எனக்கு வயசு 37, உயரம் 158 செ.மீ., எடை 98 கிலோ. அஞ்சு வருஷமா சுகர், மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுறேன். ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு முடிவு பண்ணி போனா சர்ஜன் ஒரு பக்கம் முழுக்க டெஸ்ட் எழுதிக் குடுத்துட்டார். என் நாத்தனாருக்கு வெறும் ரத்த டெஸ்ட்டும் ஈசிஜியும் எடுத்துட்டு பண்ணிட்டாங்களே. எண்டோஸ்கோபின்னாலே எனக்கு பயம், குறட்டைக்கு வேற ராத்திரி பூரா ஒரு டெஸ்ட்டாம். அந்த ரெண்டை மட்டும் விட்டுடலாமா?

பதில்: விட்டுடலாமான்னு நீங்க கேக்குற அந்த ரெண்டு டெஸ்ட்டும்தான்மா உங்க விஷயத்துல ரொம்ப முக்கியம், ஏன்னா மத்த டெஸ்ட்டெல்லாம் ஆபரேஷனுக்கு உடம்பு தயாரா இருக்கான்னு சொல்லும், இந்த ரெண்டும் எந்த ஆபரேஷன், எப்போ, எப்படி மயக்கம் குடுக்கணும்ங்குறதையே மாத்திடும்.

முதல்ல எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியா கேமரா வெச்ச குழாயை விட்டு இரைப்பையை பாக்குற டெஸ்ட். ஸ்லீவ்ல இரைப்பையோட முக்கால்வாசியை வெட்டி எடுத்துருவாங்க, மிச்சம் இருக்கறது ஒரு வாழைப்பழம் மாதிரி ஒடுங்கின குழாய்தான், வெட்டினதை திரும்ப ஒட்ட முடியாது. அந்த குழாய்க்குள்ள அழுத்தம் ஜாஸ்தி, அதனால ஆசிட் மேல ஏறி வர்ற தொந்தரவு சிலருக்கு புதுசா ஆரம்பிக்கும், ஏற்கனவே நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு இன்னும் மோசமாகும். உங்களுக்கு நெஞ்செரிச்சலே இல்லன்னு வெச்சுக்கோங்க, அப்பவும் இரைப்பையோட மேல் பகுதி நெஞ்சுக்குள்ள ஏறி நிக்கிற ஹயாட்டஸ் ஹெர்னியா இருக்கலாம், உணவுக்குழாய் அடிப்பக்கம் புண்ணா இருக்கலாம், இல்ல ரொம்ப நாள் ஆசிட் பட்டு அந்த தோலே மாறிப்போன பாரெட்ஸ்னு ஒரு நிலைமை இருக்கலாம். ஹெர்னியான்னா ஆபரேஷன்லயே சேத்து தச்சுடுவாங்க. ஆனா பாரெட்ஸ்னா ஸ்லீவ் வேண்டாம், இரைப்பையோட பெரும்பகுதியை வெட்டி எடுக்காம ஒதுக்கிட்டு மேல இருக்கற சின்ன பையை குடலோட இணைக்கிற பைபாஸ் பண்ணிக்கலாம்னு உங்க சர்ஜனே சொல்லுவார். இதை வயித்தை திறந்தப்புறம் கண்டுபிடிக்க முடியாது. பைபாஸ்ன்னு முடிவாச்சுன்னா இன்னொரு காரணமும் சேந்துக்கும், ஒதுக்கி விட்ட இரைப்பைக்குள்ள அப்புறம் சாதாரண எண்டோஸ்கோப் போய் சேராது, அதனால உள்ள என்ன இருக்குன்னு இப்பவே பாத்து வெச்சுக்கணும்.

அதே நேரத்துல கொஞ்சம் சதை எடுத்து இரைப்பையில புண் உண்டாக்குற ஹெச் பைலோரி கிருமி இருக்கான்னும் பாப்பாங்க. இருந்தா ரெண்டு வாரம் மாத்திரை குடுத்து, போயிடுச்சான்னு உறுதி பண்ணிட்டு ஆபரேஷன் பண்றது நல்லது. நீங்க பான்டோப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரை தினமும் போடுறவங்களா இருந்தா எண்டோஸ்கோபிக்கு முன்னாடியே அதை சொல்லிடுங்க, அது உள்ள இருக்கற கிருமியை டெஸ்ட்டுல காட்டாம மறைச்சிடும், அதனால ரெண்டு வாரம் நிறுத்த சொல்லுவாங்க. பயத்தை பத்தி சொல்லணும்னா, டெஸ்ட் பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், தொண்டை மரத்துப்போக ஸ்ப்ரே அடிப்பாங்க, அப்பவும் முடியாதுன்னா லேசா தூங்க வெச்சு பண்ண சொல்லி தைரியமா கேளுங்க. ஆனா தூக்க ஊசி போடுறதுக்கு முன்னாடி உங்க குறட்டை விஷயத்தை அவங்களுக்கு கட்டாயம் சொல்லணும்.

அதுதான் ரெண்டாவது டெஸ்ட். உங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்குற கணக்கு, 39க்கு மேல வருது, சுகர் வேற, குறட்டையும் இருக்கு, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியா இருக்கறதுக்கு நிறைய வாய்ப்பு. வீட்டுல இருக்கறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, குறட்டை சட்டுனு நின்னு கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம இருந்து அப்புறம் திணறி மூச்சு வாங்குறீங்களான்னு. காலையில எழுந்ததும் தலைவலி, பகல்ல உக்காந்த இடத்துலயே கண்ணு சொருகுறது, இதெல்லாமும் அறிகுறிதான். மயக்க மருந்தும் அப்புறம் குடுக்குற சில வலி மருந்தும் தொண்டைத் தசையை தளர்த்தி மூச்சோட வேகத்தையும் குறைக்கும், ஆப்னியா இருக்கறது தெரியாம விட்டா ஆபரேஷன் முடிஞ்ச முதல் ராத்திரி ஆபத்தா போகலாம். தெரிஞ்சிடுச்சுன்னா சில வாரம் முன்னாடியே மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பி தொண்டை மூடாம பாத்துக்குற சிபாப் மெஷின் வெச்சு தூங்க பழக்கி, அந்த மெஷினையே ஆஸ்பத்திரிக்கும் கொண்டு வர சொல்லிடுவாங்க. மணிக்கு அஞ்சு தடவைக்கு கீழ மூச்சு தடைபட்டா நார்மல், 30ஓ அதுக்கு மேலயோ போனா தீவிரம். ஆஸ்பத்திரியில படுக்கணும்னு கட்டாயம் இல்ல, நிறைய பேருக்கு டெஸ்ட் எடுக்குற மெஷினை வீட்டுக்கே குடுத்து விடுறாங்க, கேளுங்க.

பணத்தை பத்தியும் யோசிக்கிறீங்கன்னு புரியுது, அதனால இதையும் சொல்றேன். நம்ம நாட்டு ஹெல்த் இன்சூரன்ஸ் விதிப்படி இந்த ஆபரேஷனுக்கு கிளைம் பண்ண பிஎம்ஐ 40 இருக்கணும், இல்லன்னா 35க்கு மேல இருந்து கூட கட்டுப்படாத சுகரோ தீவிர ஸ்லீப் ஆப்னியாவோ இதய நோயோ இருக்கணும். உங்க பிஎம்ஐப்படி நீங்க ரெண்டாவது வகையிலதான் கேக்க முடியும். அப்போ இந்த ராத்திரி டெஸ்ட்டோட (ஸ்லீப் ஸ்டடி) ரிப்போர்ட்டும், மூணு மாச சராசரி சுகரை காட்டுற ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டும் உங்களுக்கு ஆதாரமாவும் ஆகலாம்.

ரத்த டெஸ்ட்டுல நிறைய பேர் அலட்சியமா விடுறது வைட்டமின் பி12, இரும்புச்சத்து சேமிப்பை காட்டுற ஃபெரிட்டின், வைட்டமின் டி. குண்டா இருக்கோமே சத்துக்கு என்ன குறைச்சல்னு நினைப்பாங்க, ஆனா உடல் பருமன் உள்ளவங்க கிட்டதான் இந்த குறைபாடு அடிக்கடி பாக்குறோம், அதுவும் நீங்க வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் சாப்பிடுறீங்க, அது பி12ஐ குறைக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாடும் குறைஞ்சு உறிஞ்சுறதும் குறைஞ்சா இன்னும் கீழ போய் கால் மரத்துப்போறது, முடி கொட்டுறதுன்னு வரும், அதனால முன்னாடியே சரி பண்ணிடணும். ஹெச்பிஏ1சி 8க்கு மேல இருந்தா பெரும்பாலும் சுகரை இறக்கிட்டு வாங்கன்னு தள்ளிப் போடுவாங்க, அதுக்காக வருத்தப்படாதீங்க, புண் ஆறுறதுக்கும் இன்ஃபெக்ஷன் வராம இருக்கறதுக்கும்தான். தைராய்டு, கிட்னி, லிவர், ரத்தம் உறையுற டெஸ்ட், ஈசிஜி இதெல்லாம் வழக்கமானது. வயித்து ஸ்கேன்ல பித்தப்பை கல்லையும் கொழுப்பு லிவரையும் பாப்பாங்க. கர்ப்ப டெஸ்ட்டும் கட்டாயம், ஆபரேஷனுக்கு அப்புறமும் 12லேருந்து 18 மாசம் குழந்தைக்கு திட்டம் போடக்கூடாது.

மனநல டாக்டரை பாக்க சொல்லியிருந்தா தப்பா எடுத்துக்காதீங்க. மனசு சரியில்லன்னா சாப்பிட்டுட்டே இருக்கற பழக்கம் இருந்தா ஆபரேஷன் அதை மாத்தாது, அதுக்கு தனியா உதவி வேணும், அதை முன்னாடியே ஆரம்பிச்சா பலன் நல்லா இருக்கும்.

எல்லாருக்கும் எல்லா டெஸ்ட்டும் வேணும்னு நான் சொல்லல. கார்டிசால்ங்குற ஹார்மோன் ஜாஸ்தியா சுரக்குதான்னு பாக்குற டெஸ்ட், உடம்புல ஊதா கலர் கோடு, தொட்டாலே கன்னிப்போற தோல், தொடை பலவீனம்னு அறிகுறி இருந்தாதான் தேவை. நடந்தா மூச்சு வாங்குறது, நெஞ்சுவலி, இதய நோய் எதுவும் இல்லன்னா ட்ரெட்மில் எதுக்குன்னு கேக்கலாம். கேன்சர் மார்க்கர், முழு உடம்பு பேக்கேஜ் எல்லாம் இதுக்கு வேண்டாம். சமீபத்துல எடுத்த ரிப்போர்ட் இருந்தா கொண்டு போங்க, எதை திரும்ப எடுக்க வேண்டாம்னு சர்ஜனே சொல்லுவார்.

கடைசியா நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா எனக்கு உங்க லெட்டர்ல முதல்ல கண்ணுல பட்டது இதுதான். ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி லிவரை சுருக்க ரொம்ப கம்மி கலோரி டயட் குடுப்பாங்க. டாபாகிளிஃப்ளோசின் சாப்பிட்டுட்டே அந்த டயட்ல இருந்தா ரத்தத்துல கீட்டோன் ஏறி அமிலமாகலாம், அப்போ குளுக்கோமீட்டர்ல சுகர் ஓரளவு நார்மலாவே காட்டும், அதனால யாருக்கும் சந்தேகமே வராது. வாந்தி, வயித்துவலி, மூச்சிரைப்பு வந்தா சுகர் நல்லாதானே இருக்குன்னு வீட்டுல இருந்துடாதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு போய் இந்த மாத்திரை பேரை சொல்லுங்க. ஆபரேஷனுக்கு குறைஞ்சது மூணு நாள் முன்னாடியாவது இதை நிறுத்தணும், டயட் ஆரம்பிக்கும்போதே நிறுத்தணுமா, பதிலா என்ன போடுறதுங்குறதை உங்க சுகர் டாக்டர்தான் சொல்லணும், நீங்களா நிறுத்தாதீங்க. டயட் சீட்டு கைக்கு வந்த அன்னைக்கே அவரை போய் பாத்துடுங்க.