கிப் வரவில்லை, குதிகால் வலிக்கிறது, பாட்டி திட்டுகிறார்: ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை

பளு தூக்குதல் பற்றிச் சந்தேகம் என்றால் வேலூரில் கேட்க ஆள் இருக்கிறது. 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர்தான். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அப்படி வாய்க்கவில்லை. அதனால் வந்த கேள்விகளில் சிலவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மகளுக்கு எட்டு வயது. இரண்டு வருஷமாகப் போகிறாள். பிறகு சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் பாரில் கிப் வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. கோச்சை மாற்றலாமா? (ஒரு அம்மா, காட்பாடி)

கிப் வராததற்கெல்லாம் கோச்சை மாற்ற ஆரம்பித்தால் வருஷத்துக்கு நாலு பேர் தேவைப்படுவார்கள். கிப் என்றால், கம்பியில் தொங்கி முன்னால் ஆடி, உடம்பு முழுசாக நீண்ட நொடியில் கால்விரலைக் கம்பிக்குக் கொண்டுவந்து, பேன்ட் மாட்டுகிற மாதிரி கம்பியைத் தொடை வழியாக இடுப்புவரை இழுத்து மேலே ஏற வேண்டும். பலம் இருந்தாலும் நேரம் பிசகினால் வராது. பல பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு நாள் திடீரென்று வரும், மறுநாள் காணாமல் போகும், அப்புறம்தான் நிலைக்கும்.

நீங்கள் கவனிக்க ஒன்று சொல்கிறேன். தொங்கியபடி இரண்டு காலையும் கம்பிவரை தூக்குகிறாளா? மூன்று மாதத்துக்கு முன்பைவிடக் கூடுதல் தடவை முடிகிறதா? ஆமாம் என்றால் பயிற்சி வேலை செய்கிறது. கோச்சிடம் "எப்ப சார் வரும்?" என்பதைவிட "எங்க சார் சிக்குது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

அவசரம் எதற்கு? சர்வதேச சீனியர் போட்டியில் பெண்கள் இறங்கவே அந்த வருஷத்துக்குள் 16 வயது நிறைய வேண்டும். தட்டைப் பாதத்தோடு ஆரம்பித்த தீபா கர்மாகர், 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் வால்ட்டில் (ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவுவது) நாலாவதாக வந்தபோது வயது 23. ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம் 2024இல், 30 வயதில். "கிப் வந்தா ஆம்பூர் பிரியாணி" என்ற பந்தயமும் வேண்டாம். பிரியாணியைச் சும்மாவே வாங்கிக் கொடுங்கள்.

பத்து வயதுப் பையன். பயிற்சி முடிந்து வந்தால் குதிகால் வலி என்று நொண்டுகிறான். "இதெல்லாம் சகஜம்" என்கிறார் மாஸ்டர். (ஒரு அப்பா, ராணிப்பேட்டை)

வலி சகஜம்தான், நொண்டுவது சகஜமில்லை. குதிகாலின் இரண்டு பக்கத்தையும் விரலால் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சுரீரென்று காலை இழுத்துக்கொண்டால் பெரும்பாலும் செவர்ஸ் என்ற பிரச்சினை. குதிகால் எலும்பு வளரும் இடம் இந்த வயதில் இன்னும் குருத்தாக இருக்கும். மேலிருந்து கெண்டைக்கால் தசைநார் இழுக்க, கீழிருந்து தரை அடிக்க, அது புண்ணாகிவிடுகிறது. வளர்ந்ததும் தானே சரியாகிவிடும். அதுவரை குதிப்பதையும் இறங்குவதையும் குறைக்க வேண்டும், கெண்டைக்காலை நீட்டிப் பழக வேண்டும், பயிற்சிக்குப் பிறகு ஐஸ் வைக்கலாம், வீட்டு டைல்ஸ் தரையில் மெத்தென்ற செருப்பு போடச் சொல்லலாம். பார், ரிங்ஸ் பயிற்சியைக் கம்பியிலிருந்து குதித்து இறங்காமல் தொடரட்டும்.

மணிக்கட்டு வலியை இப்படி வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ஜிம்னாஸ்டிக்ஸில் கைதான் காலாகிறது. உடம்பின் எடை ஆரை எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) வளரும் நுனியில் இறங்குவதால் எக்ஸ்ரே தேவைப்படலாம். முதுகை வளைக்கும்போது இடுப்பில் வலி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். வலி மாத்திரை போட்டுப் பயிற்சிக்கு அனுப்புவது எந்த வயதிலும் கூடாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது விளையாட்டு மருத்துவர்கள் பலர் சொல்லும் கணக்கு.

நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கை ஒன்பது வயது மகள் திடீரென்று போட மறுக்கிறாள். "ஆட்டம் காட்டறா" என்கிறார் என் வீட்டுக்காரர். (ஒரு வாசகி, குடியாத்தம்)

ஆட்டம் காட்டவில்லை அம்மா, பயந்திருக்கிறாள். பின்னால் தாவிக் கையூன்றி எழுகிற, கண் தெரியாத பக்கம் போகிற வேலை அது. ஒரு தடவை கை மடங்கியிருந்தாலோ, பக்கத்துப் பிள்ளை விழுந்ததைப் பார்த்திருந்தாலோ போதும். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்க நட்சத்திரம் சிமோன் பைல்ஸுக்கே காற்றில் திசை தப்பிப் போய், அணிப் போட்டியின் பாதியில் விலகினார். 2024 பாரிஸில் திரும்பி வந்து மூன்று தங்கம் வாங்கினார். கெட்டி மெத்தையில், கோச் கை கொடுக்க, பாதி அசைவிலிருந்து மறுபடி தொடங்கட்டும். உங்கள் பங்கு எளிது, ஆனால் கஷ்டம்: வண்டியில் வீட்டுக்கு வரும்போது "இன்னைக்குப் போட்டியா?" என்று கேட்காமல் இருப்பது. அப்பாவுக்கும் சொல்லிவையுங்கள்.

பயிற்சி நேரத்தில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பெற்றோர் பார்க்கக்கூடாதாம். (பெயர் வேண்டாம், வேலூர்)

பெற்றோர் ஓரத்தில் நின்று கத்தினால் பிள்ளையின் கவனம் சிதறும், அது உண்மை. அதற்காகக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. கண்ணாடியோ திறந்த ஜன்னலோ இருக்க வேண்டும், கோச்சும் ஒரு பிள்ளையும் மட்டும் தனியாக இருக்கக்கூடாது. விழாமல் பிடிக்க இடுப்பையும் முதுகையும் தொடையையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். எது பிடிப்பது, எது அப்படி இல்லாதது என்று பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் செய்த அமெரிக்க அணி மருத்துவர் லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில்தான் பல வருஷம் தப்பித்தார். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு இலவசமாகப் பேசலாம். கதவைத் திறக்க மறுக்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

வயதைக் குறைத்துப் போட்டால் சின்ன குரூப்பில் மெடல் நிச்சயம் என்கிறார்கள். (வாலாஜாபேட்டை)

வேண்டாம். 2000 சிட்னியில் சீனப் பெண்கள் அணி வாங்கிய வெண்கலம், ஒரு வீராங்கனைக்கு வயதைக் கூட்டிக் காட்டியதால் 2010இல் பறிபோனது. அங்கே கூட்டினார்கள், இங்கே குறைக்கச் சொல்கிறார்கள்.

லியோடார்டை (உடம்பை ஒட்டிய, கால் மூடாத ஆட்ட உடை) பார்த்து என் மாமியார் திட்டுகிறார். (ஆற்காடு)

கணுக்கால்வரை மூடிய உடையையும் சர்வதேச விதி அனுமதிக்கிறது. ஜெர்மனி அணி டோக்கியோவில் அப்படித்தான் ஆடியது. பாட்டிக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தால் பிள்ளை குள்ளமாகிவிடுமா?

ஆகாது. குள்ளமானவர்களுக்கு இந்த விளையாட்டு சுலபம், அதனால் அவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். சாப்பாட்டைக் குறைத்தால்தான் வளர்ச்சி கெடும்.

மே லீவில் மொட்டை மாடியில் பாய் போட்டு பேக்ஃப்ளிப் பழகலாமா?

கூடவே கூடாது. சுவரில் கால் சாய்த்து ஹேண்ட்ஸ்டாண்ட், உடம்பு சூடேறிய பிறகு ஸ்பிளிட், இவை போதும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் நம் ஊர் மாடித் தரையில் உள்ளங்கை வைக்க முடியாது.