நெஞ்சில் ‘கேஸ்’, மலையில் காய்ச்சல்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு வைத்தியரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதல் வரியிலேயே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டன. “எனக்கு கேஸ்”, “அவருக்கு வாய்ப்புண்”, “அக்காவுக்கு இரத்தமில்லை”. பெயர் வைப்பது எங்கள் வேலை. அதை நீங்களே செய்துகொண்டு வந்தால், வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, வைத்தியரும் அதையே துண்டில் எழுதிவிடுவார். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப்புற வைத்தியசாலைகளில் இருந்தவன் நான், நானும் எழுதியிருக்கிறேன். கடிதத்தைப் பார்த்து மருந்து சொல்ல முடியாது. எங்கே போவது, அங்கே என்ன சொல்வது என்பதைச் சொல்லலாம்.

அப்பாவுக்கு 57 வயது. தோட்டத்தில் உரமூட்டை தூக்குகிறார். மேட்டில் ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. டிஸ்பென்சரியில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தோம், பிழையில்லை என்றார்கள். இரண்டு மாதமாகியும் குறையவில்லை. (மகள், மஸ்கெலியா)

மகளே, உங்கள் கடிதத்தில் ‘ஏறும்போது’, ‘நின்றால்’ என்ற இரண்டு சொற்களை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். வயிற்றுப்புண்ணுக்கு மேடு பள்ளம் தெரியாது. அது சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து வரும். ஏறினால் வந்து, நின்றால் சில நிமிடங்களில் விடுகிற இறுக்கம் என்றால், இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒடுங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஈ.சி.ஜி. சரியாக இருந்ததில் வியப்பில்லை. அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்து எடுத்திருப்பார்கள். படுத்திருக்கும் இதயம் அதிகம் இரத்தம் கேட்பதில்லை, அதனால் குறையும் வெளியில் தெரிவதில்லை. ஆதார வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், கேஸ் என்ற சொல்லையே எடுக்காமல், “மலை ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விடுகிறது, இரண்டு மாதமாக” என்று மட்டும் சொல்லுங்கள். நடக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி., இதய ஸ்கேன் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்கும். பரிசோதனை முடியும்வரை அவர் மூட்டை தூக்கக் கூடாது. அரைநாள் பெயர், அதாவது கூலி, போனால் போகட்டும்.

ஒருநாள் அதே இறுக்கம் சும்மா இருக்கும்போதே வந்து, கால் மணி நேரம் கடந்தும் விடாவிட்டால், அல்லது வியர்த்துக்கொட்டினால், தாடைக்கோ இடது கைக்கோ ஓடினால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990-ஐ அழையுங்கள். ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் 2016-இல் தொடங்கிய இலவசச் சேவை. அது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்வரை ஏற முடியாத இடமானால், அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வாருங்கள், நடத்திக்கொண்டு வராதீர்கள். மாரடைப்பிலும் முதல் ஈ.சி.ஜி. சரியாக இருப்பதுண்டு. வலி இருக்கும்வரை திரும்ப எடுக்க வேண்டும், ட்ரொபொனின் என்ற இரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் விட்டு மறுபடி செய்ய வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சோடா குடித்து ஏப்பம் விட்டதும் லேசாகிவிட்டது என்று திரும்பிப் போய்ப் படுத்தவர்களை எனக்குத் தெரியும். ஏப்பம் யாருக்கும் வரும், மாரடைப்பு வந்தவருக்கும் வரும். நீரிழிவுக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் வியர்வையும் வாந்தியுமாக வருவதுண்டு.

கணவர் இருபது வருடமாக வெற்றிலை போடுகிறார். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. வலியில்லையாம். கொச்சிக்காய்ச் சம்பல் பட்டால் மட்டும் எரிகிறதாம். வாயும் முன்போலத் திறப்பதில்லை. கூப்பிட்டால் வர மறுக்கிறார். (பொகவந்தலாவை)

அம்மா, இன்றைக்குச் சாயங்காலமே ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அவருடைய கையின் நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிறுத்தி, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே விடச் சொல்லுங்கள். நல்ல வாய்க்கு மூன்றும் போகும். இரண்டுடன் நின்றால் கன்னத்துத் தசைக்கு மேலிருக்கும் படலம் இறுகத் தொடங்கிவிட்டது. கொட்டைப்பாக்கு செய்கிற வேலை இது. புகையிலையை மட்டும் விட்டுவிட்டேன், பாக்கும் வெற்றிலையும்தான் என்பவர்களுக்கும் இது வரும். பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. மழையிலும் குளிரிலும் கொழுந்து மலையில் நிற்பவர்களுக்கு ஒரு வாய் வெற்றிலை என்னவென்று எனக்குத் தெரியும், அதனால் உபதேசம் செய்யவில்லை. வாயை மட்டும் பாருங்கள்.

வெளிச்சத்தில் நிறுத்தி, டோர்ச் அடித்து, இரண்டு கன்னம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடி, வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் பக்கத்து ஈறு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளை, அதைவிட மோசமாக வெல்வெட் போன்ற சிவப்பு, மூன்று வாரத்தில் ஆறாத புண், தடவினால் தட்டுப்படும் தடிப்பு, கழுத்தில் ஒரு கட்டி. இதில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் போக வேண்டும். வலியில்லை என்று அவர் தைரியமாக இருக்கிறார். தொடக்கத்தில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை, எனக்குப் பயமே அதனால்தான்.

அரசாங்க வைத்தியசாலைப் பல் பிரிவிலிருந்து துண்டு வாங்கிக்கொண்டு பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போகலாம். ஊசி போட்டு விறைக்கவைத்து, கடுகளவு சதை எடுத்துப் பார்ப்பார்கள். “கத்தி பட்டால் பரவிவிடும்” என்று லயத்தில் யாராவது சொல்வார்கள். அப்படிச் சொன்னவரின் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் தள்ளிப்போட்டு வந்தவர்களைத்தான் நான் அதிகம் இழந்திருக்கிறேன். வெள்ளைப் படலம் எல்லாமே புற்றுநோயாக மாறுவதில்லை. எது மாறும் என்பது அந்தக் கடுகளவு சதையைப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு 41 வயது, கொழுந்து பறிக்கிறேன். எட்டு நாளாகக் காய்ச்சல், தலையிடி. அமொக்சிசிலின் ஐந்து நாள் குடித்தும் விடவில்லை. டெங்கு இல்லை என்று இரத்தத்தில் சொல்லிவிட்டார்கள். (பசறை)

தங்கச்சி, இதைப் படித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உடம்பு முழுவதையும் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி, தொப்புள், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம். அங்கே சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிச் சிவப்பும் உள்ள சிறு புண் இருக்கிறதா? அரிக்காது, வலிக்காது. அட்டை கடித்தது என்று நீங்களே விட்டிருப்பீர்கள். புதர்ப்பக்கத்து நுண்ணிய உண்ணி கடித்து வருகிற ஒரு காய்ச்சல் நம்முடைய மலைப்பகுதியில் இருக்கிறது. ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். அமொக்சிசிலின் அதைத் தொடாது. டொக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் நுரையீரல், மூளைவரை போகும். அந்தப் புண் எல்லோருக்கும் இருப்பதில்லை. அதனால் தேடிக் கிடைக்காவிட்டாலும், மலையில் புதரோடு புழங்குகிறவள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். இன்றே போங்கள், எட்டு நாள் என்பது அதிகம்.

இதில் எனக்குப் பழைய கடன் ஒன்று உண்டு. பல வருடத்துக்கு முன் ஒரு வைத்தியசாலையில் இப்படி ஒரு தாய் என் வார்ட்டில் ஒன்பது நாள் கிடந்தார். நான் நெஞ்சைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். கடைசியில் அவரைக் குளிப்பாட்டிய பெண் சிற்றூழியர் வந்து, “ஐயா, கைக்கு அடியில் ஒரு சுட்ட புண் இருக்கிறதே, பார்த்தீர்களா?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அந்தத் தாய் பிழைத்தார். அன்றிலிருந்து அக்குளைப் பார்க்காமல் எந்தக் காய்ச்சல்காரரையும் நான் விட்டதில்லை.

டெங்கு பற்றியும் ஒரு சொல், ஏனென்றால் இந்தக் குளிரிலும் டெங்கு வருமா என்று ஹட்டனிலிருந்து ஒரு தாய் தனியாகக் கேட்டிருக்கிறார். நுவரெலியாக் குளிரில் டெங்கு குறைவு என்பது சரி. ஆனால் கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வந்து மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தால், அது கொழும்பின் நுளம்பு கொடுத்தது. “கொழும்பிலிருந்து வந்தவன்” என்று முதலில் சொல்லுங்கள். மூன்றாம் நாள் இரத்தம் பார்க்க வேண்டும். பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் எதுவும் கூடாது. காய்ச்சல் இறங்கிய நாளில் பிள்ளை உற்சாகமாகாமல் சோர்ந்து கிடந்தால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், எங்காவது இரத்தம் கசிந்தால் அந்த நிமிடமே வைத்தியசாலை.

மூன்று வாரமாக இருமல். பாமசியில் இரண்டு போத்தல் பாணி வாங்கிக் குடித்தேன். பெக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை, தூசிதான் காரணமாக இருக்கும். (லிந்துலை)

இருக்கலாம். இரண்டு வாரம் கடந்த இருமலுக்குச் சளி பார்க்காமல் தூசியைக் குற்றம் சொல்ல முடியாது, அவ்வளவுதான். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும், காசநோய் என்றால் ஆறு மாத மருந்தும் இலவசம். விடியற்காலையில் நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். வாயில் ஊறும் எச்சிலைப் போத்தலில் நிரப்பிக் கொடுத்தால் ‘இல்லை’ என்றுதான் முடிவு வரும். மெலிவு, இராத்திரி வியர்வை, சளியில் இரத்தம் இருந்தால் நாளைக்கே போங்கள். பத்தடி அறையில் ஆறு பேர் படுக்கிற லயத்தில் இருமல் ஒருவருடையதாக இருப்பதில்லை.

அக்காவுக்கு 52 வயது. இரத்தமில்லை என்று இரண்டு வருடமாக இரும்பு மாத்திரை. நிறுத்தினால் திரும்பக் குறைகிறது. (தலவாக்கலை)

மாதவிடாய் நின்றுவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கேள்வியே அதில்தான் இருக்கிறது. நின்ற பிறகும் ஒரு பெண்ணுக்கு இரும்பு குறைந்துகொண்டே போகிறது என்றால், இரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் குடல் வழியாக. வயிற்றுப்புண், கொழுக்கிப்புழு, குடலில் கட்டி என்று காரணம் பலவாக இருக்கலாம். குழாய் விட்டுப் பார்க்கவேண்டியும் வரும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்பார்கள். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் மாத்திரை எடுப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, உண்மையிலேயே இரும்புதான் குறைவா என்று பெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்களா? தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கும் சிவப்பணு சிறுத்து, இரத்தம் குறைந்து தெரியும். அவர்களுக்கு வருடக்கணக்கில் இரும்பு கொடுத்தும் பயனில்லை.

தேயிலை மலையில் வாழும் நமக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. வைத்தியசாலையில் பதினொரு வயது மகன்தான் சொல்கிறான். எல்லாம் சொன்னானா என்று தெரியவில்லை. (வலப்பனை)

சொல்லியிருக்க மாட்டான். அவன்மேல் பிழையில்லை. வெள்ளைபடுவதையும் மாதவிடாயையும் ஒரு தாய் மகன் வாயால் எப்படிச் சொல்வாள்? சொன்னாலும் குத்துகிறது, எரிகிறது, இறுக்குகிறது, கடுக்கிறது, உளைகிறது, விறைக்கிறது என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் அவனிடம் ‘ரிதெனவா’ (சிங்களத்தில் ‘வலிக்கிறது’) என்ற ஒரே சொல்லாகிவிடும். இதயத்தையும் வயிற்றையும் நரம்பையும் பிரித்துக் காட்டுகிற சொற்கள் அந்த ஒன்றுக்குள் மறைந்துபோகின்றன.

நான் என் நோயாளிகளிடம் கேட்டுக்கொண்டது இது. போவதற்கு முதல் நாள் ஒரு தாளில் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். எந்தத் திகதியில் தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எடை எத்தனை கிலோ குறைந்தது. எண்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. எந்த வைத்தியரும் படித்துவிடுவார். வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுங்கள். குடித்த மாத்திரைகளின் வெற்று அட்டைகளைக் கொண்டுபோங்கள். பெண்களுக்குரிய விடயமென்றால் தமிழ் தெரிந்த தாதியையோ குடும்பநல உத்தியோகத்தரையோ கேளுங்கள். 1987-ஆம் ஆண்டின் 13-ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, நீங்கள் கேட்பது சலுகை அன்று. முடிந்து எழும்பும்போது, “என்ன என்று சந்தேகப்படுகிறீர்கள்? எது நடந்தால் நான் உடனே திரும்பி வர வேண்டும்?” என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வேறு வைத்தியரிடம் காட்டினால் பழைய வைத்தியர் கோபிப்பாரா? (ஹப்புத்தளை)

கோபிப்பவர் கோபிக்கட்டும். ஆனால் பழைய கடதாசிகள் இல்லாமல் போனால் இரண்டாமவரும் முதலிலிருந்துதான் தொடங்குவார். வார்ட்டிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் புத்தகம், பழைய ஈ.சி.ஜி. எல்லாம் வேண்டும். புதிய ஈ.சி.ஜி.யில் ஒரு கோடு மாறியிருக்கிறதா என்பது பழையது பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்த எக்ஸ்ரேக்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சாம்பிராணிப் புகை மணத்துடன் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடுப்புப் புகை படாத இடத்தில் வையுங்கள். அதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.